விட்டுப்போன பேச்சு

சுருட்டிய கோரைப்பாய் ஒன்றை மடியில் கிடத்திக்கொண்டு சம்மந்தம் அழ ஆரம்பித்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். பாகூர் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாய்தான் செத்துப்போன இளவரசன். சம்மந்தம் ராணி. இடுப்பில் நாலு முழ வேட்டி, மேலே கை வைத்த பனியன், கன்னத்தில் இரண்டு நாள் தாடி, முழங்காலுக்குக் கீழே காலையில் அறுப்பு வயலில் நெல் தாள் கிழித்த கீறல்கள். இத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தும், அவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத முந்தானையை இழுத்துச் செருகியதும், ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அங்கே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதாகவே பட்டது.

ஆர்மோனியம் வாசித்த சாமிநாத வாத்தியார்தான் நாடகத்தை எழுதியவரும். பிள்ளையைப் பறிகொடுத்த ராணிக்குப் பதினாறு அடியில் ஒரு புலம்பல் எழுதியிருந்தார். சம்மந்தம் அதைப் பாடி முடித்தான். பாட்டு முடிந்ததும் வாத்தியார் ஆர்மோனியப் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவது வழக்கம். கொட்டகை அமைதியானது. சம்மந்தம் பாயின் பக்கம் குனிந்து, பாட்டும் இல்லாமல், ராணியின் செந்தமிழும் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னான்.

"எழுந்திருப்பா. வெயில் வந்துடுச்சி பாரு. கஞ்சி ஆறிப்போவுது. மூஞ்ச கழுவிக்கினு வந்து குடிச்சிட்டு, அப்பறமா படுத்துக்க."

அவ்வளவுதான். நாலு பேச்சு. இந்த நாலு பேச்சுக்காகத்தான் வில்லியனூரிலிருந்தும் கரியமாணிக்கத்திலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பதினாறு அடிப் பாட்டுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், கஞ்சி ஆறிப்போகிறது என்று ராணி சொன்னதும் உடைந்துபோவார்கள். மீசை வைத்த ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். சாமிநாத வாத்தியாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. தன் பாட்டை விட எழுதாத நாலு பேச்சுக்குப் பேர் வந்துவிட்டதே என்று. ஆனாலும் அந்த இடத்தில் பெட்டியை நிறுத்த அவர் ஒருநாளும் தவறியதில்லை.

மறுநாள் விழா. பிரெஞ்சுக்காரன் போய் எட்டு வருஷமாகிவிட்டாலும் இந்த மண்ணைக் காகிதத்தில் இப்போதுதான் முறையாகக் கொடுத்திருக்கிறான் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சொன்னார்கள். அதைக் கொண்டாட டவுனிலிருந்து அதிகாரி வருகிறார். பகல் விழா. பிள்ளைகளின் கோலாட்டம், அப்புறம் நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சி, ராணி புலம்பல். அதைத்தான் போட வேண்டும் என்று கொம்யூன் தலைவர் மேர் ஐயாவே கேட்டாராம்.

ஒத்திகை முடிந்து சம்மந்தம் வெளியே வந்தபோது அவன் மகள் வள்ளி வேப்பமரத்தடியில் புத்தகப் பையோடு நின்றிருந்தாள். பதினோரு வயது. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். கோலாட்டத்தில் அவளும் உண்டு. இருவரும் தங்கள் ஊரான சேலியமேட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் சொர்ணவாரி நெல் அறுப்பு. கதிர்க்கட்டு சுமந்து வந்த பெண்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் வள்ளி கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணு ஆயிட்டா அதையும் நடிப்பியா?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். "இன்னா பேச்சு பேசற" என்றான் சம்மந்தம். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கோலாட்டக் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே முன்னால் போய்விட்டாள்.

அந்த நாலு பேச்சும் அவன் பெண்சாதி தையலம்மாளுடையவை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பங்குனியில், அவன் குழுவோடு திண்டிவனம் பக்கம் நாடகத்துக்குப் போயிருந்தபோது, ஐந்து வயது மகன் ராமுவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாள். ராத்திரி ஆள் வந்து சொல்லி அவன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் உச்சிப்பொழுது. தெருவெல்லாம் பெண்களின் ஓலம். உள்ளே போனால் தையலம்மாள் அழவில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் காலையில் எழுப்புகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்திருப்பா. வெயில் வந்துடுச்சி பாரு.

சம்மந்தம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்திலும் அவன் காது கேட்டுக்கொண்டிருந்தது. கஞ்சி என்கிற சொல்லில் அவள் குரல் நடுங்கவில்லை என்பதை அது கவனித்தது. குடிச்சிட்டு என்ற இடத்தில் ஒரு மூச்சு விட்டாள் என்பதைக் கவனித்தது. பிற்பாடு எத்தனையோ தடவை அவன் அந்தக் காதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறான். பெற்ற பிள்ளை கிடக்கும்போது எந்தத் தகப்பனுக்கு இப்படிக் காது வேலை செய்யும்?

அதை மேடையில் சொல்ல வேண்டும் என்று அவன் திட்டம் போடவில்லை. ஏழெட்டு மாதம் அவன் வேஷமே கட்டவில்லை. பிறகு வாத்தியார் திரும்பத் திரும்ப வந்து கூப்பிட்டதால் போனான். முதல் நாள், புலம்பல் பாட்டு முடிந்து, வாத்தியார் அடுத்த பாட்டுக்கு ராகம் பிடிப்பதற்குள், வாய் தானாகப் பேசிவிட்டது. பேசி முடித்த பிறகுதான் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து அவன் வெறும் சம்மந்தம் இல்லை, ராணி சம்மந்தம்.

இத்தனைக்கும் தையலம்மாளிடமிருந்து எடுப்பது அவனுக்குப் புதிதல்ல. பெண் வேஷம் கட்ட அவனுக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் குடத்தை இடுப்பில் ஏற்றுவதையும், ஈரத் தலையை ஒரு சுற்றில் முடிந்துகொள்வதையும், கோபம் வந்தால் பேசாமல் அடுப்பைக் கிளறுவதையும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டான். அப்போதெல்லாம் அவள் நாடகம் பார்க்க வருவாள். "என் நடையே நடக்கற, இடுப்ப மட்டும் அம்மாம் ஆட்டாத" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள். பிரெஞ்சு எல்லையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போவதற்கே சுங்கச் சாவடியில் நிற்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில், வேஷப் பெட்டியைத் திறந்த காவல்காரர்கள் சவுரியை வெளியே எடுத்து, இது யாருடையது என்று கேட்டதை அவன் சொல்லிக்காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ராமு போன பிறகு அவள் ஒரு நாடகத்துக்கும் வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. வீட்டில் ராமு என்கிற பேரை யாரும் சொல்வதில்லை. பிள்ளையின் சட்டைகள் எங்கே போயின என்று சம்மந்தம் கேட்கவில்லை. யாரோ எழுதிவைத்துப்போன சட்டம்போல அது அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

நாளைக்குக் கோலாட்டம் பார்க்க அவள் வருவாள். வந்தால் ராணியையும் பார்ப்பாள்.

அவர்கள் வீட்டை அடைந்தபோது தையலம்மாள் வாசலில் புது நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாள். மாலைக் காற்று நன்றாக வீசியது. முறத்திலிருந்து நெல் மஞ்சளாக இறங்க, பதர் ஓரமாகப் பறந்தது. வள்ளி உள்ளே போய்விட்டாள். சம்மந்தம் கைகால் கழுவிக்கொண்டு வந்து நெல்லுக்குப் பக்கத்தில் குந்தினான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சிதறிய நெல்லைக் கையால் கூட்டிக் குவித்தான்.

"நாளைக்கி நான் கட்டற வேஷத்துல ஒரு எடம் இருக்குது" என்றான். "அதுல கொஞ்சம் பேசுவன். அந்தப் பேச்சு..."

"தெரியும்" என்றாள் தையலம்மாள். முறம் நிற்கவில்லை.

"இன்னா தெரியும்?"

"போன வருசம் கிருமாம்பாக்கத்துல நீ ஆடனப்போ, பக்கத்து வூட்டு எல்லம்மாள் கூட வள்ளி வந்தா இல்ல? வந்து சொன்னா. அம்மா, அப்பா நீ சொன்ன மாரியே சொல்லுதுன்னா."

ராமு போனபோது வள்ளிக்கு ஆறு வயது. அவளும் அந்த அறையில்தான் ஒரு மூலையில் இருந்தாள் என்பது இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சம்மந்தத்துக்கு நினைவு வந்தது.

"ஒரு வருசமா தெரிஞ்சும் நீ ஒண்ணும் கேக்கலியே."

"இன்னா கேக்கச் சொல்ற?"

அவள் முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதர் ஒட்டிய அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவன் தேடினான். பெண் முகத்தின் ஒவ்வொரு அசைவையும் படித்தவன் என்று பேரெடுத்த அவனால் அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கி வர்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நெல்லை மூட்டையில் அள்ள ஆரம்பித்தாள்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சம்மந்தம் மறுநாள் காலைவரை மருகினான். வந்து பார்த்து, என்ன செய்கிறாய் என்று கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தான். தாடியை மழித்தபோதும், முகத்துக்கு அரிதாரம் பூசியபோதும், கண்ணுக்கு மை எழுதியபோதும் அதே நினைப்பு. அவளுடையதை எடுத்து ஊர் ஊராக விரித்து வைத்தது போதும். இன்றைக்கு அவள் முன்னால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சேலையைச் சுற்றிக் கொசுவத்தைச் செருகும்போது அவன் முடிவு செய்துவிட்டான். பாட்டோடு சரி. அந்த நாலு பேச்சு கிடையாது.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கோலாட்டம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் திரை விலகியது. பகல் மேடை அவனுக்குப் பழக்கமில்லை. வழக்கமாகக் கேஸ் விளக்கில் கண் கூசும். எதிரே இருட்டு ஒன்றுதான் தெரியும், அதிலிருந்து அழுகைச் சத்தம் வரும். இங்கே எல்லார் முகமும் தெரிந்தது. முன்வரிசை நாற்காலியில் அதிகாரி. அவர் பக்கத்தில் மேர் ஐயா. தரையில் பிள்ளைகள். இடப்பக்கம் பெண்கள் கூட்டத்தில், எல்லம்மாளை ஒட்டி, கஞ்சி போட்ட நீலச் சேலையில் தையலம்மாள். கோலாட்ட ஜிகினா கலையாமல் வள்ளி அவள் மடியில் சாய்ந்திருந்தாள்.

இளவரசனாகப் படுத்திருந்தது சாமிநாத வாத்தியாரின் பேத்தி. அட்டைக் கிரீடம் வைத்துக் கண்ணை இறுக மூடியிருந்தது. சம்மந்தம் அதை மடியில் கிடத்திப் பாடினான். குரல் நன்றாகத்தான் வந்தது. பதினாறு அடியும் முடிந்தது. வாத்தியார் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

சம்மந்தம் குனிந்தான். தையலம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். குழந்தையின் மார்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. எங்கோ ஒரு மாடு கத்தியது. நேரம் போகப்போக, செத்துக் கிடந்த இளவரசன் ஒரு கண்ணைத் திறந்து ராணியை என்ன என்பதுபோலப் பார்த்தான். முன்னால் இருந்த பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ராணி, பேசு" என்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார் ஒருமுறை கனைத்தார், இன்னொருமுறை கனைத்தார், பிறகு வேறு வழியில்லாமல் முடிவு ராகத்தை வாசித்துவிட்டார். திரை விழுந்தது. கைதட்டல் மழை நின்ற பிறகு மரத்திலிருந்து சொட்டுகிற சொட்டுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து ஓய்ந்தது.

"இன்னாய்யா, அந்த எடத்த முழுங்கிட்ட?" என்றார் வாத்தியார், திரைக்குப் பின்னால்.

"வரல வாத்தியாரே."

"அஞ்சு வருசமா வந்துது. இன்னிக்கி அதிகாரி வந்தன்னிக்கி வரலியா?"

சம்மந்தம் சவுரியைக் கழற்றினான். வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கடியில் ஒரு சின்ன நிம்மதி. அடுத்தவர் தோட்டத்தில் பறித்ததை அவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்ததுபோல. தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்தான். வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

மூவரும் ஏரிக்கரை வழியாகத் திரும்பினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. ஆடி கடைசியில் ஏரி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த சேறு, அதில் முளைத்த புல்லை மேய்கிற மாடுகள், மாடுகளின் முதுகில் கொக்குகள். வள்ளி முன்னால் ஓடி ஓடி நின்றாள். மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் தையலம்மாள் அங்கிருந்த நீளமான கல்லில் உட்கார்ந்தாள். வள்ளியும் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் தையலம்மாள்.

சம்மந்தம் நின்றுகொண்டே இருந்தான். "ஒன்னுது. நான் எடுத்திருக்கக் கூடாது."

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போதும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அதுக்குத்தான் வந்தன். வள்ளி சொன்ன நாள்லேர்ந்து ஒரு தபா கேக்கணும்னு இருந்தன். வூட்ல அவன் பேரச் சொல்ல ஒரு ஆளு இல்ல. நீ சொல்ல மாட்ட, நானும் சொல்ல மாட்டன். ஒன் நாடகத்துலயாச்சும் அவன ஒருத்தர் எழுப்பறாங்களேன்னு இருந்தன். இன்னிக்கி தைரியம் பண்ணிக்கினு வந்து ஒக்காந்தா, நீ வாய மூடிக்கின."

ஐந்து வருஷமாக அவன் திருடிக்கொண்டிருந்ததாக நினைத்ததை இவள் ஒரு வருஷமாகத் தனக்கு வைத்த பங்குபோலக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொடுத்துவிட்டோம் என்று இத்தனை நேரம் நினைத்தது, கையில் இருந்ததையும் பிடுங்கியதாக முடிந்திருக்கிறது.

"இப்ப சொல்லட்டுமா?" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

அவன் சொன்னான். கழுத்தைச் சாய்க்கவில்லை, ராணி வரவில்லை. ஒரு ஆண்பிள்ளையின் குரல்தான் வந்தது. எழுந்திருப்பா. வெயில் வந்துடுச்சி பாரு. கஞ்சி ஆறிப்போவுது. மூஞ்ச கழுவிக்கினு வந்து குடிச்சிட்டு, அப்பறமா படுத்துக்க. மேடையில் ஒருநாளும் தவறாத மூச்சு இரண்டு இடத்தில் தவறியது. வள்ளி குச்சிகளைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஒண்ணு வுட்டுட்ட" என்றாள் தையலம்மாள்.

"இல்லியே. அவ்ளோதான் சொன்ன."

"இன்னொண்ணு சொன்னன். நீ வந்து நெலப்படியில நின்னப்போ."

அவன் நினைத்துப் பார்த்தான். அந்த அறை, அந்த வெளிச்சம், அவள் குரல், எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"ராத்திரி வேஷத்த சரியா கலைக்காம ஓடியாந்திருந்த" என்றாள் அவள். "கண்ணுல மையெல்லாம் வழிஞ்சி கெடந்துது. அவன் அந்த மையப் பாத்தா பயப்படுவான் இல்ல? அதான் சொன்னன். அப்பாதான் வந்திருக்குது, பயப்படாத ராமுன்னு."

ஒரு கொக்கு மாட்டின் முதுகிலிருந்து எழும்பி, சற்று தூரம் போய், இன்னொரு மாட்டின் முதுகில் இறங்கியது. சம்மந்தம் தன் கண்ணோரத்தைத் தொட்டான். எண்ணெய்க்கு முழுக்கப் போகாத மை விரலில் ஒட்டியது. எல்லாவற்றையும் கேட்ட காது, அவனைப் பற்றிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அல்லது கேட்டுவிட்டு எங்கோ போட்டுவிட்டது.

"எப்படிச் சொன்ன?" என்றான்.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவனுக்கே காதில் விழுந்தது. கேட்டது தகப்பனா, ராணியா என்று அவனுக்குத் தெரியவில்லை. தையலம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணையும், விரலில் இருந்த மையையும் பார்த்தாள். அதே கேள்வி அவள் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். பிறகு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கிற ஒருவனுக்குச் சொல்வதுபோல, மெல்ல, இன்னொருமுறை சொன்னாள்.

வள்ளி அம்மாவிடமிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில், ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்குக் கல், பகல் வெயிலின் சூடு இன்னும் ஆறாமல், வெறுமையாக இருந்தது.